மீட்கப்பட்ட பிழையும் நடுவர் கழிவும்: இளையோர் சீருடற்பயிற்சியின் சட்டத் தொடர்கள் பற்றிய ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

விளையாட்டுப் போட்டிகளை இரு வகையாகப் பிரித்து நோக்கலாம். ஓட்டம், பாய்தல், நீச்சல் போன்றவற்றில் வெற்றி தோல்வியைக் கடிகாரமும் அளவுநாடாவும் தீர்மானிக்கின்றன. சீருடற்பயிற்சி, நீர்ப்பாய்ச்சல், பனிச்சறுக்கு நடனம் ஆகியவற்றிலோ மனிதக் கண்ணும் அக்கண் பயின்ற விதிநூலுமே தீர்மானிக்கின்றன. இவ்விரண்டாம் வகைப் போட்டிகளில் பார்வையாளருக்கும் நடுவருக்குமிடையே அடிக்கடி ஒரு பிணக்குத் தோன்றுவதுண்டு. பார்வையாளர் ஒன்றைக் காண்கின்றனர். புள்ளிப்பலகை வேறொன்றைக் கூறுகிறது.

இப்பிணக்கு மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் பெண் சிறார் நிகழ்த்தும் சட்டத் தொடராகும். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேற்சட்டத்தில் தலைகீழாக நிற்கையில் நிலைதவறுகிறாள். கைகளை மடக்கி, முதுகை வளைத்து, எப்படியோ சட்டத்தைக் கைவிடாது தொடரை முடித்து இறங்குகிறாள். அரங்கம் கைதட்டுகிறது. அவளையடுத்து வந்த மற்றொருத்தி சட்டத்திலிருந்து விழுந்து, மீண்டும் ஏறித் தொடரை முடிக்கிறாள். புள்ளிகள் வெளிவரும்போது விழுந்தவள் முன்னிற்கிறாள்; விழாதவள் பின்தங்குகிறாள். பெற்றோர் திகைக்கின்றனர். சிறுமியோ, தன் துணிவு தண்டிக்கப்பட்டதாக எண்ணுகிறாள்.

இவ்வாறான முடிவு நடுவரின் தவறா, விதியின் குறையா, அன்றி நாம் மீட்சி என்பதைப் பொருள்கொள்ளும் முறையிலேயே ஒரு மயக்கம் உள்ளதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலங்கையைச் சேர்ந்த மில்கா கெஹானி 2018 ஆம் ஆண்டில் புவனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கிலும், 2021 இல் நடந்தேறிய தோக்கியோ ஒலிம்பிக்கிலும் இத்துறையில் பங்குபற்றிய பின்னர், இவ்விதிகளை அறிதல் நம்மவர்க்கும் புறத்தேயுள்ள விடயமன்று.

சொல்வழக்குப் பற்றி ஒரு குறிப்பு ஈண்டு வேண்டப்படுகிறது. தமிழில் சட்டம் என்னும் சொல் மரச்சட்டத்தையும் அரசின் ஆணையையும் ஒருங்கே குறிக்கும். இக்கட்டுரையில் அச்சொல் பயிற்சிக் கருவியை மட்டுமே குறிக்கும். நடுவர் பின்பற்றும் நெறி, விதி என்றே வழங்கப்படும். விழாது தப்பித் தொடர்வதை மீட்சி என்றும், குறைக்கப்படும் புள்ளியைக் கழிவு என்றும், தொடரின் தனித்தனி அசைவுகளைக் கூறுகள் என்றும் வழங்குவோம்.

2. கருவியும் தொடரும்

பெண்களுக்குரிய இக்கருவி உயரம் வேறுபட்ட இரு சட்டங்களால் ஆனது. சருவதேச அளவின்படி கீழ்ச்சட்டம் தரையிலிருந்து 170 சென்ரிமீற்றர் உயரத்திலும், மேற்சட்டம் 250 சென்ரிமீற்றர் உயரத்திலும் அமையும். ஆண்களின் சமாந்தரச் சட்டங்களிலிருந்து வளர்ந்த இக்கருவி 1952 ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான தனிநிகழ்ச்சியாக இடம்பெற்றது.

இக்கருவியின் தனித்தன்மை யாதெனில், இதில் நிற்பதற்கு இடமில்லை என்பதாகும். சமநிலைத் தண்டில் தடுமாறும் சிறுமி ஒரு கணம் அசையாது நின்று தன்னைத் திரட்டிக்கொள்ளலாம். தரைப் பயிற்சியில் நடன அசைவொன்றினால் தவறை மறைத்துவிடலாம். சட்டத்தில் இவ்விரண்டும் இயலா. ஒரு வீச்சின் முடிவு மறு வீச்சின் தொடக்கம். ஒரு கூறு பெற்ற வேகமே அடுத்த கூறின் முதல். ஆகையால் இங்கே பிழை தான் தோன்றிய இடத்தில் தங்குவதில்லை. பின்வரும் கூறுகளுக்கும் அது கடத்தப்படுகிறது. ஊஞ்சலில் நடுவே காலூன்றியவன் மீண்டும் பழைய உயரத்தை எட்டப் பலமுறை உந்தவேண்டியிருப்பதை இதற்கு ஒப்புக் கூறலாம். சட்டத்தில் மீட்சி பற்றிய விதிகள் பிற கருவிகளிலும் பார்க்கச் சிக்கலாக இருப்பதற்குரிய அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

3. விதிநூல் வளர்ந்த வகை

சருவதேச சீருடற்பயிற்சிச் சம்மேளனத்தின் வேர்கள் 1881 ஆம் ஆண்டுவரை செல்கின்றன. ஆயினும் புள்ளியிடும் முறையை ஒழுங்குபடுத்தும் விதிநூல் அதன் பின் நெடுங்காலம் கழித்து, 1949 இல் ஆண்களுக்கே முதன்முதல் தோன்றியது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்கு மேலாக 10 என்னும் எண்ணே முழுமையின் அடையாளமாக நிலவிற்று.

இக்காலப்பகுதியில் சட்டங்களோடு தொடர்புடைய இரு நிகழ்ச்சிகள் நமது பொருளுக்கு ஒளி தருவன. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீராங்கனை ஒல்கா கோர்புற், பல்துறை இறுதிப் போட்டியின் சட்டத் தொடரில், தொடக்கத்திலேயே பாதம் விரிப்பில் உரசியதாலும், அதனையடுத்து வந்த தடுமாற்றங்களாலும் 7.5 புள்ளிகளை மட்டுமே பெற்றார். ஏழாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். மறுநாள் தனிக்கருவி இறுதியில் அதே சட்டங்களில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றமையும் வரலாறு. நான்கு ஆண்டுகளின் பின், 1976 யூலை 18 ஆம் நாள், மொன்றியலில் பதினான்கு வயதுடைய நாடியா கொமனேச்சி அதே கருவியில் ஒலிம்பிக்கின் முதலாவது முழுப் பத்தைப் பெற்றார். அவ்வெண்ணைக் காட்ட வகையற்ற மின்பலகை 1.00 என்றே காட்டிற்று. ஒரு சிறு உரசல் எவ்வாறு ஒரு தொடரையே குலைக்கக்கூடும் என்பதை முதல் நிகழ்ச்சியும், மீட்பதற்கு எதுவுமற்ற தொடர் எவ்வாறிருக்கும் என்பதை இரண்டாம் நிகழ்ச்சியும் உணர்த்துகின்றன.

2006 ஆம் ஆண்டில் பத்துப் புள்ளி முறை உயர்நிலைப் போட்டிகளில் கைவிடப்பட்டது. அன்றுதொட்டுப் புள்ளி இரு கிளைகளாகப் பிரிந்தது. கூறுகளின் அருமையைக் கூட்டிப் பெறுவது கடினப் புள்ளி, 10.0 இலிருந்து பிழைகளைக் கழித்துப் பெறுவது நிறைவேற்றப் புள்ளி. இரண்டின் கூட்டுத்தொகையே இறுதிப் புள்ளியாகும். எனினும், ஐக்கிய அமெரிக்காவின் இளையோர் வளர்ச்சித் திட்டம் போன்ற பெருந்தொகைச் சிறார் பங்குகொள்ளும் அமைப்புகளில் பத்துப் புள்ளி முறை இன்றும் நிலைத்துள்ளது. முன்பு இளையோர் ஒலிம்பிக் திட்டம் எனப்பட்ட அது பத்துப் படிகளைக் கொண்டது. முதல் ஐந்து படிகளில் எல்லாச் சிறுமியரும் ஒரே விதிக்கப்பட்ட தொடரைச் செய்வர். ஆறாம் படியிலிருந்து தத்தம் விருப்பத் தொடரைச் செய்வர். இவ்விரு முறைகளையும் அருகருகே வைத்து நோக்கினாலன்றி மீட்சியின் கணக்கு விளங்காது.

4. நடுவர் காண்பதும் காணாததும்

முதலில் ஓர் உண்மையை அழுத்திக் கூறவேண்டும். விதிநூலில் மீட்சி என்றொரு தலைப்பு இல்லை; மீட்சிக்கெனப் பரிசும் இல்லை. நடுவர், வீழ்ச்சி நேர்ந்திருக்கக்கூடும் என எண்ணி அதற்காக எதனையும் கழிப்பதில்லை. அது தவிர்க்கப்பட்டதை மெச்சி எதனையும் கூட்டுவதுமில்லை. கண்முன் நிகழ்ந்த உடல் நிலைகளை மட்டுமே அவர் பதிவு செய்கிறார். பார்வையாளரைப் பொறுத்தவரை மீட்சி என்பது ஒரு நிகழ்ச்சி; நடுவரைப் பொறுத்தவரை அது பல சிறு பிழைகளின் தொகுதி. பிணக்கின் வேர் இவ்விடத்திலேயே உள்ளது.

சருவதேச விதியின்படி பிழைகள் சிறியன, நடுத்தரமானவை, பெரியன என வகுக்கப்பட்டு முறையே 0.10, 0.30, 0.50 எனக் கழிவு பெறும், வீழ்ச்சிக்கு 1.00 கழிக்கப்படும். அமெரிக்க இளையோர் திட்டத்திலோ வீழ்ச்சிக்கு 0.50 மட்டுமே. அங்கே பெரும்பாலான பிழைகளுக்கு மேலெல்லை மட்டும் குறிக்கப்பட்டு, அதனுள் 0.05 என்ற நுண்ணளவில் கழிக்க நடுவருக்கு இடமளிக்கப்படுகிறது.

கோண அளவும் முக்கியமானது. சட்டத்திலிருந்து உந்தித் தலைகீழ்க் கைநிலையை அடையும்போது, செங்குத்துக் கோட்டிலிருந்து 10 பாகைக்குள் உடல் அமைந்தால் சருவதேச விதியில் கழிவில்லை. அதனைக் கடந்து 30 பாகைவரை 0.10; 45 பாகைவரை 0.30, அதற்கும் அப்பால் 0.50. இவ்வளவு நுணுக்கமான அளவுகோலின் முன், கைநிலையில் தடுமாறிய சிறுமியின் போராட்டம் எத்துணை வீரமானதாயினும், அவள் உடல் எந்தக் கோணத்தில் இருந்தது, முழங்கை எவ்வளவு மடங்கிற்று, கால்கள் பிரிந்தனவா என்பனவே வினாக்களாகின்றன.

5. மீட்சியின் உறுப்புகள்

ஒரு மீட்சியைப் பகுத்து நோக்கின் நான்கு உறுப்புகள் புலப்படும்.

முதலாவது, மூலப் பிழை. கைநிலை குறுகியிருத்தல், சட்டத்திற்கு மிக அண்மையிற் பற்றுதல், வேகம் குன்றுதல் முதலியன இதில் அடங்கும். இது மீட்சி நிகழாவிடினும் கழிவு பெறும்.

இரண்டாவது, திருத்தும் அசைவு. நிலையைக் காக்கக் கை மடங்குகிறது, இடுப்பு வளைகிறது, கால்கள் பிரிகின்றன, பிடி மாற்றிப் பற்றப்படுகிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பிழை. மீட்பதற்காகவே இவை செய்யப்பட்டன என்பது தண்டனையைக் குறைக்கும் காரணமாக ஏற்கப்படுவதில்லை.

மூன்றாவது, ஓட்டத்தின் முறிவு. வேகம் இழந்த சிறுமி அடுத்த கூறைத் தொடங்க இயலாது வீணே ஒருமுறை முன்னும் பின்னும் ஆடவேண்டி நேரிடும். இதனை வெற்றுவீச்சு எனலாம். சருவதேச விதி இதற்கு 0.50 கழிக்கிறது, அமெரிக்க இளையோர் விதி 0.30 கழிக்கிறது. பார்வையாளர் பெரும்பாலும் கவனிக்காத பிழை இது. ஊசலாடுவதற்கென்றே அமைந்த கருவியில் ஒரு முறை கூடுதலாக ஆடினால் என்ன என்றே தோன்றும். ஆனால் தொடரின் உயிர் இடையறா ஓட்டமே ஆதலின், விதி இதனைக் கடுமையாக நோக்குகிறது.

நான்காவது, இழந்த மதிப்பு. மீட்சியின் காரணமாக ஒரு கூறு நிறைவேறாமற் போகலாம், அல்லது திட்டமிட்ட அடுத்த கூறு முற்றாகக் கைவிடப்படலாம். அக்கூறின் மதிப்பு மட்டுமன்றி, அது நிறைவு செய்யவிருந்த அமைப்புத் தேவையும் இழக்கப்படலாம். சருவதேசத் தொடரில் நான்கு அமைப்புத் தேவைகள் உள்ளன: மேற்சட்டத்திலிருந்து கீழ்ச்சட்டத்திற்குப் பறத்தல், ஒரே சட்டத்தில் விட்டுப்பற்றல், வேறுபட்ட பிடிகள், பறத்தலின்றி ஒரு முழுத் திருப்பம் என்பன அவை. ஒவ்வொன்றும் 0.50 பெறும். அமெரிக்க இளையோர் திட்டத்தின் விருப்பத் தொடர்களிலும் தலா 0.50 பெறும் நான்கு சிறப்புத் தேவைகள் உண்டு.

முதல் மூன்று உறுப்புகளும் கண்ணுக்குத் தெரிவன. நான்காவது கண்ணுக்குத் தெரியாதது. செய்யப்படாத ஒன்றை அரங்கிலிருப்போர் அறியார். ஆனால் மீட்சியின் மிகப் பெரிய விலை பெரும்பாலும் இந்நான்காவது உறுப்பிலேயே மறைந்துள்ளது.

6. பற்றிக்கொண்டவளும் வீழ்ந்தவளும்

மேற்கூறியதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டினால் விளக்குவோம். அமெரிக்கத் திட்டத்தின் எட்டாம் படியில் இரு சிறுமியர் ஒத்த தொடரைச் செய்வதாகக் கொள்வோம். இப்படியில் தொடர் 10.0 இலிருந்து தொடங்கவேண்டின், ஏ தரத்தில் நான்கும் பி தரத்தில் நான்குமாகக் கூறுகள் இடம்பெறல் வேண்டும். ஏ தரக் கூறு 0.10 உம், பி தரக் கூறு 0.30 உம் மதிப்புடையன. அச்சிறுமியரின் தொடரில் ஒரு குறிப்பிட்ட பி தரக் கூறு, சிறப்புத் தேவையொன்றை நிறைவு செய்யும் ஒரே கூறாகவும் அமைந்துள்ளது என்க.

முதற் சிறுமி அக்கூறுக்கு முந்திய கைநிலையில் நிலைதவறுகிறாள். சட்டத்தைக் கைவிடவில்லை. கீழே ஊசலாடி, ஒரு வெற்றுவீச்சுடன் தன்னை மீட்டு, ஆபத்தைத் தவிர்க்கும் பொருட்டு அக்கூறை விட்டு நேரே இறங்குகையை நோக்கிச் செல்கிறாள். அவளது இழப்பு: வெற்றுவீச்சிற்கு 0.30, விடுபட்ட கூறுக்கு 0.30, நிறைவேறாத சிறப்புத் தேவைக்கு 0.50. மொத்தம் 1.10.

இரண்டாம் சிறுமி அக்கூறைச் செய்ய முயன்று அது நிறைவேறுமுன்னே விழுகிறாள். மீண்டும் ஏறி, மதிப்புப் பெறாத அக்கூறைத் திரும்பச் செய்து நிறைவேற்றுகிறாள். அவளது முதன்மை இழப்பு வீழ்ச்சிக்குரிய 0.50 ஆகும். வீழுமுன் தோன்றிய சிறு பிழைகளைச் சேர்த்தாலும் அவள் முதற் சிறுமியை முந்திவிடுகிறாள்.

இனி மூன்றாம் சிறுமி ஒருத்தியைக் கருதுவோம். முதற் சிறுமியைப் போன்றே நிலைதவறி, வெற்றுவீச்சுடன் மீண்டவள், விட்ட கூறை விடாது மறுபடியும் கைநிலைக்கு உயர்ந்து செய்து முடிக்கிறாள். அவளது முதன்மை இழப்பு 0.30 மட்டுமே. மூவருள் அவளே முதல்வி.

இம்மூவரையும் ஒப்பிடுகையில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. விதி மதிப்பது சட்டத்தைப் பற்றிக்கொண்டிருத்தலை அன்று. தொடரோடு மீண்டும் இணைதலையே. பற்றிக்கொண்டும் தொடரை இழந்தவள் பின்தங்குகிறாள். விழுந்தும் தொடரை மீளப் பெற்றவள் முந்துகிறாள். பற்றிக்கொண்டு தொடரையும் காத்தவள் யாவரினும் மேலானவளாகிறாள். பெற்றோரின் திகைப்புக்குரிய விடை இதுவே. நடுவர் முதற் சிறுமியின் துணிவைத் தண்டிக்கவில்லை. அவள் செய்யாது விட்டதையே கணக்கிட்டார்.

சருவதேசக் கணக்கும் இதனையொத்ததே. விட்டுப்பற்றும் கூறில் இரு கைகளாலும் சட்டத்தைப் பற்றிய பின் விழுந்தால், வீழ்ச்சிக்கு 1.00 கழிக்கப்படினும் கூறின் மதிப்பு வழங்கப்படும். இரு கைகளும் பற்றாவிடின் மதிப்பும் இல்லை. ஒரு கணநேரப் பற்றுதலும் கணக்கில் இடம்பெறுகிறது என்பது இதனாற் போதரும். இறங்குகையிலும் பாதங்கள் முதலில் தரையைத் தொட்டால் மதிப்பு உண்டு. மேலும், வீழ்ச்சி நேராத இறங்குகையில் தரையிறங்கும் பிழைகளுக்கான மொத்தக் கழிவு 0.80 ஐத் தாண்டலாகாது என்று விதிநூல் வரையறுக்கிறது. எத்தனை அடி தள்ளாடினும் நின்றுகொண்டவள், வீழ்ந்தவளிலும் குறைவாகவே இழக்கவேண்டும் என்னும் கருத்து இவ்வெல்லையில் வெளிப்படையாகவே பொதிந்துள்ளது. மீட்சிக்கு விதிநூல் அளிக்கும் மறைமுகமான மதிப்பு இதுவெனலாம்.

7. விதிக்கப்பட்ட தொடரும் விருப்பத் தொடரும்

மீட்சியை நடுவர் எவ்வாறு அறிகிறார் என்பது தொடரின் இயல்பைப் பொறுத்தும் வேறுபடும். விதிக்கப்பட்ட தொடர் மனனம் செய்த பாடத்தை ஒப்புவித்தல் போன்றது. கேட்போர் கையில் ஏடு உள்ளது; ஒரு சீர் தவறினாலும் தெரிந்துவிடும். அமெரிக்கத் திட்டத்தின் தொடக்கப் படிகளில் முதன்மைக் கூறு ஒன்றை விட்டுவிட்டால் அக்கூறின் மதிப்பைப் போல் இரு மடங்கு கழிக்கப்படும். ஆகவே 0.60 மதிப்புள்ள கூறை விட்டவள் 1.20 ஐ இழப்பாள். விழுந்தாவது அக்கூறை முயன்று செய்வதே அவளுக்கு நலம். இளஞ் சிறுமியர் பலருக்குத் தடைக்கல்லாக விளங்கும் கிப் என்னும் எழுகையில் இது நன்கு புலனாகும். தொங்குநிலையிலிருந்து கால்களைச் சட்டத்தருகே கொணர்ந்து, உடலை உயர்த்திச் சட்டத்தின்மேல் தாங்குநிலைக்கு வருவதே கிப். கை மடங்கி, வயிறு சட்டத்தில் அழுந்தி, அரும்பாடுபட்டு மேலெழும் சிறுமி கைமடக்கத்திற்குக் கழிவு பெறுவாள். ஆனால் கூறு அவளுடையதாகும்.

விருப்பத் தொடரில் நடுவர் கையில் ஏடு இல்லை. சிறுமி எதனைச் செய்யக் கருதினாள் என்பது அவருக்குத் தெரியாது. எனவே அறிவுக்கூர்மையுடைய ஒருத்தி, தடுமாற்றத்தின் பின் திட்டமிட்ட கூறுக்குப் பதிலாக வேறொன்றை ஓட்டங்குன்றாது செய்துவிட்டால், அங்கே பிழை நிகழ்ந்ததென்பதே பதிவாகாதும் போகலாம். பயிற்றுநர் சிலர் தொடரின் முதன்மை வடிவத்துடன் மாற்று வடிவங்களையும் பயிற்றுவதன் நோக்கம் இதுவே. மீட்சி என்பது கணநேர அருஞ்செயல் மட்டுமன்று, முன்கூட்டியே கற்பிக்கத்தக்க ஒரு கல்வியும் ஆகும் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

8. வீழ்ச்சியின் விலையும் சிறாரின் பாதுகாப்பும்

வீழ்ச்சிக்குரிய கழிவு உயர்நிலைப் போட்டிகளில் ஒருகாலத்தில் 0.50 ஆக இருந்து, இன்று 1.00 ஆக உயர்ந்துள்ளது. சிறார் திட்டத்தில் அது 0.50 ஆகவே நிற்கிறது. இவ்வேறுபாட்டை வெறும் எண் வேறுபாடாகக் கொள்ளலாகாது. கழிவு ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. எது செய்யத்தக்கது, எது தவிர்க்கத்தக்கது என்பதை அது சிறுமியின் உடலுக்குக் கற்பிக்கிறது. வீழ்ச்சியின் விலை கூடக் கூட, எவ்வாறேனும் பற்றிக்கொள் என்னும் கட்டளையும் வலுப்பெறுகிறது.

வளர்ந்த வீராங்கனை இக்கட்டளையைத் தன் அனுபவத்தால் எடைபோட வல்லவள். பத்து வயதுச் சிறுமி அவ்வாறல்லள். தவறான கோணத்தில் கை திருகிய நிலையில் பற்றிக்கொள்வது, கைவிட்டு விரிப்பில் இறங்குவதிலும் கேடானதாக அமையக்கூடிய தருணங்கள் உண்டு. மணிக்கட்டும் முழங்கையும் தோளும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பருவம் அது. ஆகையினால் நற்பயிற்றுநர் மீட்கும் முறையைக் கற்பிப்பதோடு, மீட்க முயலாது விடவேண்டிய தருணத்தையும், அவ்வேளை பாதுகாப்பாக விழும் முறையையும் கற்பிப்பர். சிறார் விதியில் வீழ்ச்சியின் விலை குறைவாயிருப்பது இக்கல்விக்கு அரணாக அமைகிறது.

விழுந்தவளுக்கு விதி ஓர் இடைவேளையையும் அளிக்கிறது. சருவதேச விதியில் அது 30 விநாடி. அதனைக் கடந்தால் 0.30 கழிக்கப்படும், 60 விநாடியையும் கடந்தால் தொடர் முடிந்ததாகக் கொள்ளப்படும். இவ்விடைவேளையில் விழுந்தவள் கைக்குச் சுண்ணத்தூள் பூசி, மூச்சைச் சீர்செய்து, மனத்தை ஒருமுகப்படுத்திக்கொள்கிறாள். பற்றிக்கொண்டவளுக்கோ இவ்வாய்ப்பு இல்லை. நடுக்கத்தோடேயே அடுத்த கூறை எதிர்கொள்கிறாள். மீட்சியின் பின் இரண்டாம் பிழை ஏன் விரைந்து வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பயிற்றுநர் கைகொடுத்துதவினால் கணக்கு வேறாகும். சருவதேச விதியில் உதவிக்கு 1.00 கழிக்கப்படுவதுடன் கூறின் மதிப்பும் மறுக்கப்படும். ஆயினும் ஆபத்தைக் கண்டு கைநீட்டிய பயிற்றுநரைப் புள்ளியின் பெயரால் குறைகூறுவது தகாது. 2022 இல் பிரித்தானியாவில் வெளியான வைற் அறிக்கை, அந்நாட்டுச் சீருடற்பயிற்சித் துறையில் சிறார் நலன் புறக்கணிக்கப்பட்ட பாங்கினையும், காயத்தோடு பயிற்சி செய்யத் தூண்டப்பட்ட நிலைமையினையும் விரிவாக எடுத்துக்காட்டிற்று. கைவிடாதே என்னும் போதனை எல்லை கடந்தால் எங்கே சென்று முடியும் என்பதற்கு அவ்வறிக்கை ஓர் எச்சரிக்கையாகும்.

9. கண்ணும் கருவியும்

இவ்வளவு நுண்ணிய கழிவுகளை ஏறத்தாழ அரை நிமிடமே நீடிக்கும் தொடரில் பிழையறக் குறிப்பது எளிதன்று. நடுவர் தாளை நோக்காது குறியீடுகளால் எழுதப் பழகியவர். பெரும் போட்டிகளில் கடினப் புள்ளியை ஒரு குழுவும் நிறைவேற்றப் புள்ளியை மற்றொரு குழுவும் கணிக்கின்றன. பின்னைய குழுவின் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த மதிப்பீடுகள் நீக்கப்பட்டு எஞ்சியவற்றின் சராசரி கொள்ளப்படுகிறது. ஒரு நடுவர் மீட்சியின்பால் இரங்கினும், மற்றொருவர் கடுமை காட்டினும் முடிவு பெரிதும் சாயாதிருக்க இம்முறை வழிசெய்கிறது. சிறார் போட்டிகளில் பெரும்பாலும் இரு நடுவரே அமர்வர். அங்கே ஒருவரது கண்ணின் நிறை கூடுதலாகும்.

இப்புள்ளிகளின் நுண்மை எத்தகையது என்பதற்கு 2015 இல் கிளாஸ்கோவில் நடந்த உலகப் போட்டி சான்றாகும். சட்ட இறுதியில் பான் யீலின், விக்ரோரியா கோமோவா, டாரியா ஸ்பிரிடோனோவா, மடிசன் கோசியன் ஆகிய நால்வரும் 15.366 என ஒரே புள்ளி பெற்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் எவரேனும் முழங்கையைச் சிறிது மடக்கியிருப்பின் முதலிடம் அவர் கையைவிட்டுப் போயிருக்கும்.

அண்மைக் காலத்தில் பியூஜிற்சு நிறுவனத்தின் கணினி உதவி முறை இத்துறையில் புகுந்துள்ளது. 2019 இல் ஸ்ருற்காற் உலகப் போட்டியில் பயன்பட்ட இம்முறை, 2023 இல் அன்ற்வேர்ப் போட்டியில் எல்லாக் கருவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. கைநிலையின் கோணத்தை அளப்பதில் அது மனிதக் கண்ணை மிஞ்சும். எனினும் எதனைப் பிழையெனக் கொள்வது, அதற்கு எவ்வளவு விலை விதிப்பது என்பவற்றை மனிதர் வகுத்த விதியே தீர்மானிக்கிறது. கருவி அளவைக் கூர்மையாக்கலாம். மதிப்பை வகுக்க அதனால் இயலாது.

முறையீட்டு விதியையும் இங்கே சுட்டல் வேண்டும். சருவதேசப் போட்டிகளில் கடினப் புள்ளி பற்றி மட்டுமே முறையீடு செய்யலாம். நிறைவேற்றப் புள்ளி பற்றி இயலாது. ஆகவே மீட்சியின்போது கூறு நிறைவேறிற்றா என்பதை வினவலாம். கை மடங்கியதற்கு 0.10 தகுமா 0.30 தகுமா என வாதிட முடியாது. மீட்சியின் ஒரு பாதி வழக்காடத்தக்கது, மறு பாதி நடுவர் சொல்லே முடிவானது என்பது இதன் பொருள்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கருத்துகள் பெறப்படும். மீட்சி, விதிநூலில் தனியொரு பொருளாக இல்லை. அது கண்ணுக்குத் தெரியும் பிழைகளாகவும் கண்ணுக்குத் தெரியாத இழப்புகளாகவும் பகுக்கப்பட்டே மதிப்பிடப்படுகிறது. அடுத்து, பற்றிக்கொள்ளுதல் தன்னளவில் வெற்றியன்று. தொடரோடு மீள இணைதலே அதனை வெற்றியாக்குகிறது. இறுதியாக, வீழ்ச்சிக்கு எவ்வளவு விலை விதிக்கிறோம் என்பது விளையாட்டு நுட்பம் பற்றிய தீர்மானம் மட்டுமன்று, சிறாரின் உடலையும் உள்ளத்தையும் பற்றிய தீர்மானமுமாகும்.

புள்ளிப்பலகை ஒரு கணக்கை மட்டுமே கூறும். தடுமாறிய கணத்தில் சிறுமி எதனைக் கற்றாள் என்பதை அது கூறாது. அக்கணக்கின் வழியைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பின், 1.10 இழந்து கலங்கிநிற்கும் சிறுமியிடம், "நீ விழாதது நல்லதே, அடுத்த முறை விட்ட கூறைத் திரும்பவும் முயன்று பார்" என்று கூற அவர்களால் இயலும். அநீதி இழைக்கப்பட்டதென்னும் கசப்புடன் அவள் வீடு திரும்பவேண்டியதில்லை. விதிகளை விளக்குவதன் பயன் அதுவேயாகும்.